கந்தசட்டிக்கு விரதம் பிடித்த காவல் நாய்

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் தம்பி தங்கைகளே, முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஓநாய் கடித்துச் செத்த ஆட்டுக்கு நாங்கள் காசு கொடுப்பதில்லை. வேலையில் இருந்த காலம் முழுவதும் இதைக் கத்தினேன். ஓய்வு பெற்று மொன்ட்ரியால்-நோரில் வீட்டோடு இருக்கும்போதும் கத்த வேண்டியிருக்கிறது. போன கிழமைகூட உங்களில் ஒருவர் போன் எடுத்து, "அண்ணை, ஒரு இடத்திலை ஆடு செத்துப்போச்சாம், எந்தக் கணக்கிலை போடுறது?" என்று கேட்டார். எந்தக் கணக்கிலும் போட வேண்டாம் ராசா. ஆட்டைக் காப்பாற்றுகிற வேலைக்குத்தான் எங்கள் திட்டம் கூலி கொடுக்கிறது. காவல் நாய் வைத்திரு, மின்வேலியைப் பழுதில்லாமல் வைத்திரு, பொழுதுபட முன் ஆடுகளைப் பட்டிக்குள் சாய்த்து அடை, செத்த விலங்கை உடனே அப்புறப்படுத்து. இவற்றைச் செய்கிறவனுக்குக் கொடுப்பனவு உண்டு, செய்யாதவனுக்கு இல்லை. காட்டோரத்தில் ஓநாயும் ஆடும் இரண்டுமே உயிரோடு இருக்க வேண்டுமென்றால் எனக்குத் தெரிந்து வேறு வழி கிடையாது. இதில் விளங்காமல் போக என்ன இருக்கிறது?

என்னைப் பற்றி உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். சொல்லாவிட்டால் நானே சொல்கிறேன். ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். இந்த நாட்டுக்கு வந்து சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவினேன். பிறகு இறைச்சி வெட்டும் தொழிற்சாலை. பிறகு சொந்தமாக ஆடு. லவாலுக்கு வடக்கே நான் வளர்த்த ஆட்டைத்தான் இந்த நகரத்துத் தமிழ்ச் சனத்தில் பாதிப்பேர் கறி வைத்துச் சாப்பிட்டார்கள். நம்பாதவர்கள் பழைய கடைக்காரர்களைக் கேட்கலாம். ஓநாய்க்கு நான் ஒரு குட்டிகூடக் கொடுத்ததில்லை. அதைக் கேள்விப்பட்டு இந்தத் திட்டத்தின் தலைவி தானாக என் பட்டிக்குத் தேடி வந்து வேலை தந்தார். விண்ணப்பம் எழுதத் தெரியாதவனைக் கதவு தட்டிக் கூப்பிட்டார்கள். உங்களில் யாருக்காவது அப்படி நடந்திருக்கிறதா?

அந்த அம்மாவின் பெயரை எழுத மாட்டேன், அவருக்குப் பிடிக்காது. அதிகம் பேச மாட்டார். வேலைக்குச் சேர்ந்த அன்று, "முதலில் பார்த்ததைச் சொல். நினைத்ததைப் பிறகு சொல்," என்றார். அவ்வளவுதான் எனக்குக் கிடைத்த பயிற்சி. உங்களுக்கு இப்போது வாரக்கணக்கில் வகுப்பு நடத்துகிறார்கள் என்று கேள்வி.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

குகன் என்றொரு தம்பி. யாழ்ப்பாணத்துப் பிள்ளை. லொறி ஓட்டிச் சேர்த்ததையெல்லாம் போட்டு, லவாலையும் தாண்டி வடக்கே, காடு தொடங்குகிற இடத்தில் ஆட்டுப் பண்ணை வாங்கினான். அவனுக்குப் பின்பக்கத்து நிலம் றேஜானுடையது. அறுபதைத் தாண்டிய கெபெக் மனிதர், செம்மறி வளர்ப்பவர், தனியாள். இரண்டு பண்ணைக்கும் சேர்த்து ஒரே ஒப்பந்தம் போட்டிருந்தோம். ஒரு பக்கம் காவல் தவறினால் இரண்டு பக்கத்துக்கும் கொடுப்பனவு நிற்கும். ஓநாய்க்கு யாருடைய எல்லையும் தெரியாது, ஆகையால் இருவரும் ஒருவரை ஒருவர் கவனித்துக்கொள்ளட்டும் என்று அந்த விதியை வைக்கச் சொன்னவனே நான்தான். இன்றைக்கும் அது நல்ல விதி என்றுதான் சொல்வேன்.

கந்தசட்டி விரதக் காலம். நானும் பாலும் பழமுமாக இருந்தேன். காலையில் குகனின் போன்.

"அண்ணை, ஓநாய் பட்டிக்குள்ளை பூந்திட்டுது. மூண்டு மறியாடு போச்சு. பக்கத்து மனிசன் துவக்கோட வாசல்லை நிக்கிறார். கெதியா வாங்கோ."

என்னோடு அப்போது வேலை பார்த்தவள் நித்யா. கர்க்லாண்டில் பிறந்து வளர்ந்த பிள்ளை. பெற்றோர் இருவரும் தமிழ்நாட்டிலிருந்து வந்த டொக்டர்கள். காட்டு விலங்குகளைப் பற்றிப் பட்டம் படித்தவள். லவால் மெட்ரோ வாசலில் அவளை ஏற்றிக்கொண்டேன். கதவைச் சாத்தமுன் தொடங்கிவிட்டாள்.

"அங்கிள், காவல்ல ஓட்டை இருந்துச்சுன்னா ரெண்டு பண்ணையும் அவுட். அதானே விதி?"

"போய்ப் பாக்கமுதல் ஏன் பிள்ளை அவுட்டாக்கிறாய்?"

"நான் ஆக்கல. நீங்க வெச்ச விதிதான் ஆக்குது."

வெறும் வயிற்றில் இருப்பவனிடம் பேசுகிற பேச்சா இது? நான் வானொலியைச் சத்தமாக வைத்தேன்.

போய் இறங்கினால், மெல்லிய முதல் பனிக்கு மேல் றேஜான் வேட்டைத் துவக்கோடு நிற்கிறார். இந்த மாகாணத்தில் ஆத்திரம் வந்தால் தேவாலயத்துச் சாமான்களின் பெயரைச் சொல்லித்தான் திட்டுவார்கள். அவர் ஒரு தேவாலயத்தையே காலி செய்துவிட்டுப் பேசத் தொடங்கினார். எனக்குப் பிரெஞ்சு இறைச்சித் தொழிற்சாலையில் கிடைத்தது, ஆகையால் எல்லாம் விளங்கியது. திட்டுகளைக் கழித்துவிட்டுத் தமிழில் தருகிறேன்.

"உங்கட ஆளின்ரை நாய் என்ன செய்தது? நான் ஒப்பந்தத்தை நம்பி ஓநாய்க்குச் சுருக்கு வைக்காமல் இருந்தன். என்னட்டைப் பொறி வைக்கிற அனுமதி இருக்கு. நாளைக்கே சுருக்கு வைக்கிறன். ஒப்பந்தமும் வேண்டாம், ஒண்டும் வேண்டாம்."

இதை நீங்கள் விளங்கிக்கொள்ள வேண்டும். அந்தக் காட்டோரத்தில் முதலில் கையெழுத்து வைத்தவர் றேஜான். அவர் வைத்ததால்தான் மற்றவர்களும் வைத்தார்கள். அவர் சுருக்கு வைத்தால் எல்லோரும் வைப்பார்கள். குகனுக்கு வேறு கவலை. காவல் கொடுப்பனவு ஒரு பருவம் நின்றால் எப்படியோ சமாளிப்பான், ஒரேயடியாக நின்றால் நாயையும் வேலியையும் வைத்திருக்க அவனால் முடியாது. குளிர் இறுக முன் ஆடுகளை விற்றுவிட்டுத் திரும்பவும் லொறியில் ஏற வேண்டியதுதான். அவன் கைகளைக் கட்டிக்கொண்டு நிலத்தைப் பார்த்தபடி நின்றான்.

வேலியில் மின்சாரம் இருந்தது. படலை பூட்டியிருந்தது. பட்டியின் பள்ளமான மூலையில் வேலிக்குக் கீழே ஒரு குழி. அதன் வழியாகத்தான் ஓநாய் வந்திருந்தது. எல்லாம் தெரிந்துவிட்டது என்று நான் நிமிர்ந்தேன். நித்யா முழங்காலில் இருந்தபடி மண்ணைத் தொட்டுப் பார்த்தாள்.

"அங்கிள், மண்ணு உள்பக்கமா விழுந்திருக்கு. இது உள்ள இருந்து தோண்டினது. ஓநாய் அப்புறமா இதே வழியில வந்திருக்கு."

"உள்ளை இருந்து ஆர் தோண்டுறது? ஆடா?"

"நாய் எங்க?"

நாய் இல்லை. வெள்ளையன் என்று பெயர். கன்றுக்குட்டி அளவு. ஆடுகளோடேயே பிறந்து வளர்ந்த நாய், நானே தேடிப் பிடித்து வாங்கிக் கொடுத்தது. நான் தேர்ந்தெடுத்த நாய் பட்டியை விட்டுப் போனது என்பதை என்னால் நம்ப முடியவில்லை.

பட்டி மூலையில் அதன் சாப்பாட்டுச் சட்டி இருந்தது. குனிந்து பார்த்தேன். சோறு. பருப்பு. மேலே கறிவேப்பிலை. தொடாமல் அப்படியே உறைந்து கிடந்தது.

குகனின் மனைவி வசந்தி குளித்து, விபூதி பூசி, வாசற்படியில் நின்றாள்.

"பிள்ளை, நாய்க்கு என்ன போடுறனீங்கள்?"

"சட்டி விரதம் அண்ணை. வீட்டிலை மச்ச மாமிசம் இல்லைத்தானே. அதுக்கும் சோறும் பருப்பும்தான். தயிரும் விட்டுக் குடுத்தனான்."

"அதுக்கெண்டு வாங்கின நாய்த்தீன் எங்கை?"

"கராஜுக்குள்ளை வைச்சுக் கட்டிப்போட்டன். அந்தப் பையிலை கோழிப் படம் போட்டிருக்கு அண்ணை."

எனக்குத் தலை சுற்றியது. விரதத்தாலோ ஆத்திரத்தாலோ தெரியவில்லை.

"நாய்க்கு ஆரம்மா விரதம் பிடிக்கச் சொன்னது?"

"வைரவற்றை வாகனமல்லோ. அதுவும் எங்களோட இருந்தால் புண்ணியம் எண்டு நினைச்சன். ஏன், நீங்களும் விரதம்தானே அண்ணை?"

"நான் விரதம்தான். ஆனால் நான் ஆட்டுக்குக் காவல் நிக்கேல்லையே!"

நித்யா திரும்பி நின்று சிரித்தாள். தோள் குலுங்கியதை நான் பார்த்தேன்.

கோபப்பட்டு என்ன செய்வது? அந்தப் பிள்ளை நாயைப் பட்டினி போட நினைக்கவில்லை. தான் சாப்பிடுவதிலும் மேலாகத்தான் போட்டிருக்கிறாள், தயிர் வேறு. எங்கள் சனத்தைத் தவிர வேறு யாருக்கும் இந்த எண்ணம் வந்திருக்காது. இப்படியொன்று நடக்கும் என்று எந்த வகுப்பிலும் உங்களுக்குச் சொல்லித்தர மாட்டார்கள்.

பசித்த நாய் குழி தோண்டிப் போயிருக்கிறது. எங்கே போனது? பனியில் தடம் தெரிந்தது. நித்யா முன்னால் போனாள், நான் பின்னால். தடம் றேஜானின் கொட்டகைக்குப் பின்பக்கம் போய் நின்றது. அங்கே வைக்கோல் குவியலுக்குப் பக்கத்தில் வெள்ளையன் வயிறு புடைக்கப் படுத்திருந்தது. எங்களைக் கண்டு வாலை மட்டும் ஆட்டியது. வைக்கோலுக்குக் கீழே ஒரு செத்த செம்மறி, பாதி தின்றபடி.

"இங்க பாருங்க," என்றாள் நித்யா. "ஓநாய்த் தடம் காட்டுல இருந்து நேரா இங்கதான் வந்திருக்கு. இதுக்கப்புறம்தான் குகன் சார் பட்டிக்குப் போயிருக்கு. இந்த வாடைக்குத்தான் வந்தது."

செத்த விலங்கை உடனே அப்புறப்படுத்து என்று ஒப்பந்தத்தில் இருக்கிறது. அதில் முதல் கையெழுத்தே றேஜானுடையது. நாயைப் பழித்து வாசலில் நின்று கத்திய மனிதர், ஓநாய்க்குத் தானே விருந்து வைத்து அதை வைக்கோலால் மூடியிருக்கிறார்.

நித்யா படம் எடுத்துவிட்டாள். நான் ஒன்றும் சொல்லமுன், "ரிப்போர்ட்ல இதைப் போடாம இருக்க முடியாது அங்கிள்," என்றாள்.

"மறைக்கச் சொல்லி ஆர் சொன்னது?"

"உங்க முகம் சொல்லுது."

அந்த இடத்தில் என் மனதில் ஓடியதை உங்களுக்காகவே எழுதுகிறேன். குகன் முன்னால் இதை உடைத்தால் றேஜான் அவமானத்தில் ஒப்பந்தத்தைக் கிழித்துவிட்டுச் சுருக்கு வைப்பார். சொல்லாமல் விட்டால் முழுப் பழியும் குகன் தலையில். இருவரையும் விதிப்படி வெட்டினால் என் கை சுத்தம், ஆனால் அங்கே ஓநாயும் இருக்காது, குகனும் இருக்க மாட்டான். எந்த வழியாலும் எனக்கு நல்ல பெயர் கிடைக்கப்போவதில்லை என்று தெரிந்ததும் கொஞ்சம் நிதானம் வந்தது.

அந்த இடத்திலேயே நின்று எங்கள் திட்டத்தின் கந்தோருக்குப் போன் எடுத்தேன். தலைவிக்கு, பார்த்ததை மட்டும் சொன்னேன். குழி. சோற்றுச் சட்டி. செத்த செம்மறி. தடம். அவர் கேட்டுவிட்டு, "சரி, இனி நினைத்ததைச் சொல்," என்றார்.

"இரண்டு பேரும் பிழை விட்டிருக்கினம். இந்தப் பருவக் காசை நிப்பாட்டுங்கோ, ஆனால் ஒப்பந்தத்தை விட்டுவையுங்கோ. காவல் திரும்பினால் ஒப்பந்தம் பிழைக்கும்."

"எப்போது திரும்பும்?"

"இண்டைக்குப் பொழுதுபட முன்."

"திரும்பாவிட்டால்?"

"வெட்டுங்கோ. இரண்டையும்."

போனை வைத்ததும் நித்யா கேட்டாள். "அங்கிள், இப்பவே மத்தியானம் ஆச்சு. எப்படி?"

எப்படி என்று எனக்கும் தெரியாது. அதை அவளிடம் சொல்ல நான் என்ன பைத்தியமா?

முதலில் றேஜானைத் தனியாகக் கூப்பிட்டுக் கொட்டகைக்குப் பின்னால் கொண்டுபோனேன். அவர் வைக்கோலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். முகம் செத்தல் மிளகாய் நிறமாகிவிட்டது.

"ஆருக்குத் தெரியும்?"

"கந்தோருக்குத் தெரியும். குகனுக்குத் தெரியாது. அதை நீங்கள்தான் சொல்ல வேணும்."

"முதுகிலை ஒப்பரேஷன் செய்தது. தூக்க ஏலாது. மகன் மொன்ட்ரியாலிலை. ஆரைக் கேக்கிறது?"

"இந்தா இருக்கிற குகனைக் கேக்கலாமே?"

"அவனை நான் கேக்கிறதோ?" என்றார். வெள்ளையன் எழுந்து வந்து அவருடைய காலோடு சாய்ந்து நின்றது. அதற்கென்ன, வயிறு நிரம்பியிருந்தது.

கடைசியில் அவரே நடந்து போய்ச் சொன்னார். சொன்ன மாத்திரத்தில் குகனுக்குக் காலையிலிருந்து அடைத்திருந்த வாய் திறந்துகொண்டது.

"துவக்கோட வந்து நிண்டு எனக்குக் கத்தினியே மனிசா! நீதானே ஓநாய்க்குச் சோறு வைச்சது!"

பாதி தமிழ், பாதி பிரெஞ்சு. றேஜான் இன்னொரு தேவாலயத்தைக் காலி செய்தார். நான் நடுவில் புகுந்து இருவரையும் விடப் பலமாகக் கத்தினேன். கத்துவதில் என்னை வெல்ல அந்தப் பக்கத்தில் ஆள் கிடையாது.

"பொழுதுபட்டால் இரண்டு பேருக்கும் ஒண்டும் இல்லை. குகன், உன்னட்டை டிராக்டர் இருக்கு. போய் அந்தச் செம்மறியைத் தூக்கு. செத்த விலங்கு எடுக்கிற லொறிக்கு நான் சொல்லிட்டன், அது வீதிக்கு வந்துகொண்டிருக்கு."

அதற்குக் குகன் சொன்னதைக் கேளுங்கள்.

"அண்ணை, நான் விரதமல்லோ. செத்ததைத் தொடலாமோ?"

கடவுளே! என் வாழ்க்கையில் எத்தனையோ மடையர்களோடு வேலை செய்திருக்கிறேன். ஆனால் அன்றுதான் அப்படியே நிலத்தில் குந்திவிடலாமா என்று யோசித்தேன்.

"முருகனிட்டை நான் கதைக்கிறன்! நீ டிராக்டரை எடு!"

எடுத்தான். கையுறை போட்டு, வாயைத் துணியால் கட்டி, முணுமுணுத்துக்கொண்டே எடுத்தான். செம்மறி வீதிக்குப் போய், லொறியில் ஏறியது. பிறகு வேலிக் குழியைக் கல்லுப் போட்டு அடைத்தான். அதற்குள் வெயில் மரங்களுக்குக் கீழே இறங்கிவிட்டது.

மிச்சம் இருந்தது நாய். இன்றைக்கு வயிறு நிரம்பியிருக்கிறது. நாளைக்கு? வசந்தியிடம் போனேன். அவள் அழுதுகொண்டிருந்தாள், ஆனால் இளகவில்லை.

"நான் மாட்டன் எண்டு சொல்லேல்லை அண்ணை. சூரன்போர் முடியட்டும். பிள்ளை வரம் கேட்டு இந்த விரதம் பிடிக்கிறன். என்ரை கையாலை மச்சம் எடுத்து வைக்கச் சொல்லாதேங்கோ. இவரும் பிடிக்கிறார்."

கத்துகிறவனுக்கும் ஒரு அளவு உண்டு. வெளியே வந்து நின்றேன். ஒன்றும் தோன்றவில்லை.

நித்யா பக்கத்தில் வந்தாள். "றேஜான் வந்து போடட்டுமே? அவருக்கு விரதம் இல்லையே. பையைத் தூக்க வேணாம், தினமும் ஒரு சட்டி அள்ளிப் போட்டா போதும்."

நல்ல யோசனை. எனக்கு வரவில்லையே என்று எரிச்சலாகவும் இருந்தது. ஆனால் ஒன்று சொல்கிறேன், யோசனை அவளுடையது என்றாலும் அதை றேஜானிடம் கொண்டுபோய்ச் சொல்லும் தைரியம் எனக்குத்தான் இருந்தது. அவர் கொட்டகை வாசலில் துவக்கை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"நாய்க்கு விரதமா?"

"ஓம்."

"குகனும் மனுசியும் கடவுளுக்காகச் சாப்பிடாமல் இருக்கினமா?"

"ஓம். பிள்ளை வேணுமெண்டு."

அவர் துவக்கை உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தார். வயலைக் குறுக்கே கடந்து குகனின் கராஜுக்குப் போனார். பையை அவிழ்த்தார். ஒரு சட்டி நிறைய அள்ளிக்கொண்டு பட்டிக்கு நடந்தார். வசந்தி படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். வெள்ளையன் அவருக்குப் பின்னால் பட்டிக்குள் போய் முகர்ந்தது, இரண்டு வாய் தின்றது, பிறகு ஆடுகளுக்கு நடுவில் போய்ப் படுத்துக்கொண்டது. குகன் படலையைப் பூட்டினான். கொஞ்ச நேரத்தில் காட்டுக்குள் ஓநாய் ஒன்று ஊளையிட்டது. வெள்ளையன் எழுந்து நின்று குரைத்த குரையில் என் நெஞ்சு அதிர்ந்தது. இடத்தை விட்டு அசையவில்லை.

தலைவிக்குப் போன் எடுத்து, பார்த்ததைச் சொன்னேன். "ஒப்பந்தம் இருக்கட்டும்," என்றார். இந்தப் பருவக் கொடுப்பனவு இருவருக்கும் இல்லை, அடுத்த பருவம் பார்த்துத்தான். நித்யா இரண்டு பிழையையும் ஒன்றுவிடாமல் எழுதினாள். நானும் கையெழுத்து வைத்தேன்.

உங்களுக்கு நான் சொல்வது இதுதான். செத்த ஆட்டை எண்ணிக்கொண்டு நிற்காதீர்கள். காவல் எங்கே அறுந்தது என்று பாருங்கள். அறுந்த இடத்தில் நிற்பவர்கள் மூர்க்கராக இருப்பார்கள், வெட்கப்படுவார்கள், உங்கள் வயிற்றெரிச்சலைக் கிளப்புவார்கள். அவர்களை விட்டால் அந்த இடத்தைக் கட்ட வேறு ஆள் கிடையாது. விதியை வாசிக்க யாருக்கும் தெரியும். அதை எப்போது வாசிக்க வேண்டும் என்று தெரிவதற்குத்தான் உங்களுக்குச் சம்பளம்.

மறுநாள் விடியற்காலையில் குகன் போன் எடுத்தான். நான் முந்திக்கொண்டேன்.

"ஆடு எல்லாம் நிக்குதோ?"

"எல்லாம் நிக்குது அண்ணை."

"நாய்?"

"நாயும் நிக்குது. றேஜானும் நிக்கிறார்."

"அந்த மனிசன் ஏன் இந்த நேரத்திலை?"

"சட்டியோட வந்து நிக்கிறார். பின்னேரம் மட்டும் போட்டால் போதும் எண்டு சொல்லிப்போட்டன் அண்ணை, கேக்கிறாரில்லை."